அடிமானம் மாறினாலும்

111 பகா எண்ணா? 3 ஆல் வகுத்தால் 37 வருகிறது. ஆகவே பகு எண் என்போம். ஆனால் அந்த விடைக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: நாம் பத்துப் பத்தாக எண்ணுகிறோம் என்பது.

அண்மையில் பைத்தான் மொழியில் சிறு நிரல் ஒன்றை எழுதினேன். 111 என்ற வரிவடிவத்தை 2 முதல் 12 வரையிலான அடிமானங்களில் வாசித்து, கிடைக்கும் எண்ணை அதன் வர்க்கமூலம் வரையுள்ள எண்களால் வகுத்துப் பார்ப்பதே அதன் வேலை. அடிமானம் 2 எனில் 7, 3 எனில் 13, 5 எனில் 31. எல்லாம் பகா எண்கள். 4 எனில் 21, 7 எனில் 57, 9 எனில் 91, இவை பகுபடுவன. 12 எனில் 157. அது பகா எண்.

பன்னிரண்டின் எண்முறை காங்கேயத்தில் எங்கள் வீட்டில் முன்பே புழங்கியதுதான். அம்மா பனியன்களுக்குப் பிசிறு வெட்டுவார். கணக்கு டஜனில்; பன்னிரண்டு டஜன் ஒரு குரோஸ். ஒரு குரோஸ், ஒரு டஜன், ஓர் உருப்படி என்றால் 157. அதைச் சம அடுக்குகளாக்க முயன்றால், எத்தனை அடுக்கு வைத்தாலும் மிச்சம் விழும். டஜனில் எழுதினாலும் பத்தில் எழுதினாலும் அந்த மிச்சம் மறையாது. கணக்கில் மாறுபாடு வந்தால் அம்மா எந்த நோட்டையும் நம்பமாட்டார்; கட்டைப் பிரித்து உருப்படிகளையே எண்ணுவார். கூலி எழுத்துக்கல்ல, உருப்படிக்கு என்பது அவர் கட்சி.

எழுத்தைச் சார்ந்த குணங்களும் உண்டு. பதின்ம முறையில் 5 ஐவிடப் பெரிய பகா எண்கள் 1, 3, 7, 9 என்ற இலக்கங்களில்தான் முடியும். பன்னிரண்டில் 3 ஐவிடப் பெரியவை 1, 5, 7, 11 ஆகியவற்றில் முடியும். ஈற்றிலக்கம் அடிமானத்தோடு பொதுக் காரணி கொண்டால் எண் பகுபட்டுவிடும் என்பதே காரணம். ஈற்றிலக்கம் அடிமானத்தின் சொத்து. பகாத்தன்மை எண்ணின் சொத்து.

2002 இல் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் ஒரு வழிமுறையைக் கண்டனர். ஓர் எண் பகா எண்ணா என்பதை, இலக்கங்களின் எண்ணிக்கையைப் பொறுத்த பல்லுறுப்புக் கோவை அளவிலான நேரத்துக்குள் ஐயமின்றி அது சொல்லிவிடும். அடிமானத்தை மாற்றினால் இலக்கங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒரு மாறா மடங்கே கூடும் அல்லது குறையும், தேற்றம் அசைவதில்லை.

பைத்தான் 3, தமிழ் இலக்கங்களையும் வாசிக்கும். ௰, ௱ ஆகியவற்றை ஏற்காது. அவை இடமதிப்பு முறையின் இலக்கங்கள் அல்ல. ௧௧௧ என எழுதி, அடிமானம் 12 என்று கொடுத்துப் பார்த்தேன். 157 என்றது.