காளையும் கல்யாணமும்

சாவுப் போட்டியில ஜெயிச்சாதான் காதலி கிடைப்பான்னு இப்ப ஃபேண்டஸி நாவல்கள் நிறைய வருதுங்க. நம்ம கலித்தொகையிலயே இது இருக்கு. முல்லைக்கலி, மொத்தம் 17 பாட்டு. பாடினது சோழன் நல்லுருத்திரன்னு சொல்வாங்க. ஆயர் குலத்தில் காளையை அடக்கினவனுக்குத்தான் பெண். குடல் சரிஞ்சு விழுறவனும் அங்கேயே வருவான். கெங்கவல்லியில் லீவுல உட்கார்ந்து படிச்சப்போ அப்படியே சிலிர்த்துப் போச்சு.

2014-ல் சுப்ரீம் கோர்ட் போட்ட ஜல்லிக்கட்டுத் தடை 2017-ல் நீங்கியது. அடுத்த வருஷம் பெரியப்பா பையன் களத்துல இறங்கி, தொடையில் குத்து வாங்கிட்டார். ஆஸ்பத்திரியில் அண்ணி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க.

"என்னைத்தான் அப்பவே கட்டிக்கிட்டீங்களே, இன்னும் யாருக்காக இறங்குறீங்க?"

அண்ணன் பதிலே சொல்லலை. இப்ப முல்லைக்கலியைப் பிரிச்சாலே அண்ணி குரல்தான் முதல்ல கேக்குது.