சத்தம் எங்கே நின்றது?

உணவு பதனிடும் பயிற்சி ஒன்றுக்காகக் கிளிநொச்சியிலிருந்து பன்னிரண்டு பெண்கள் பல்லேகலைக்கு வந்திருந்தார்கள். ஏ-9 வீதியால் தம்புள்ளை, மாத்தளை கடந்து பழைய யப்பானிய வான் ஒன்று அவர்களை ஏற்றிவந்தது. கண்டியில் நானும் ஏறிக்கொண்டேன். மூன்று நாளும் அவர்களோடு இருந்து உதவுவது என் பொறுப்பு.

நான் ஏறி அமர்ந்ததும் பின் ஆசனத்திலிருந்த வயதான அம்மா ஒருவர் கேட்டார்: "பிள்ளை, இந்த வானில பாட்டுப் போடுற செற் வேலை செய்யுமோ?"

பாட்டுக் கேட்க ஆசைப்படுகிறார் என்று நினைத்தேன். சாரதித் தம்பியிடம் விசாரித்தேன். "போனை வயரில கொழுவினால் சத்தம் வராது அக்கா. செற் பழுது. கராச்சில காட்டினனான். புதுசு போடச் சொல்லுறாங்கள்" என்றார். அவர் சொன்ன விலை ஒரு குடும்பத்தின் மாதச் செலவுக்குக் கிட்ட வந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் எங்கள் நாட்டில் பழைய வாகனமும் அதிலிருந்த பழைய செற்றும்தான் எல்லோருக்கும் துணை. செற் மாற்றுவது அந்தத் தம்பியால் முடிகிற காரியமல்ல என்று விளங்கியது. "பிறகு பார்ப்போம் அம்மா" என்று சொல்லிவிட்டு அந்த விடயத்தை மறந்துபோனேன்.

மறுநாள் காலை கிரிக்கெட் மைதானத்தைக் கடந்து போகும்போது, "இது 2009 நவம்பரில் திறந்தது" என்று வழிகாட்டி போலச் சொன்னேன். வானுக்குள் எவரும் பேசவில்லை. அந்த ஆண்டு எனக்கு ஒரு மைதானம் திறந்த ஆண்டாக இருக்கலாம். அவர்களுக்கு அப்படியல்ல. அந்த மௌனத்தில் அம்மா மட்டும் மறுபடி கேட்டார்: "செற் சரிவருமோ பிள்ளை?" அதற்கும் "பிறகு அம்மா" என்றே சொன்னேன்.

அன்றிரவு விடுதியில் அவர் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி கட்டிலில் இருந்தார். ஒரு காதுக்கு வைத்தார், பிறகு மற்றக் காதுக்கு மாற்றினார், பிறகு போனைப் பார்த்தார். பயிற்சிக்குக் கூடவே வந்திருந்த அவருடைய பேத்தியிடம் கேட்டேன். அவள் சொன்ன பிறகுதான் எனக்கு விடயம் தெரிந்தது.

அம்மாவின் மகன் 2009 மே மாதத்துக்குப் பிறகு இல்லை. எங்கே என்று தெரியாது. இடம்பெயர்ந்த வழியில் அவனுடைய படங்கள்கூடத் தொலைந்துவிட்டன. சமாதான காலத்தில், 2003இல், அவன் பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டிக்குப் பழகியதை ஒரு கசற்றில் பதிவுசெய்து, கனடாவிலிருந்த சித்திக்கு அனுப்பியிருந்தார்கள். அந்தக் கசற் அங்கே ஒரு பெட்டிக்குள் பத்திரமாகக் கிடந்திருக்கிறது. கண்டெடுத்த சித்தி அதைப் போனுக்கு மாற்றி அனுப்பிவைத்தார். அது வந்து மூன்று மாதம். ஆனால் ஷெல் விழுந்த அதிர்ச்சியில் அம்மாவின் இரு காதுகளும் பாதிக்கப்பட்டவை. போனில் போட்டால் "கீச்சுக் கீச்செண்டு கேக்குது, பேச்சு விளங்குதில்லை" என்கிறார். வானின் பெரிய ஸ்பீக்கரில் போட்டால் விளங்கும் என்பது அவருடைய நம்பிக்கை.

அந்த நம்பிக்கையில் நியாயமும் இருக்கிறது. வெடியோசை உட்காதிலுள்ள நுண்ணிய மயிர்க்கலங்களைச் சேதப்படுத்துகிறது. சேதமான கலங்கள் திரும்ப முளைப்பதில்லை. பெரும்பாலும் கீச்சென்ற உயர்ந்த ஒலிகள்தான் முதலில் கேளாமல் போகும், தடித்த தாழ்ந்த ஒலிகள் ஓரளவு எஞ்சியிருக்கும். போனிலுள்ள சின்ன ஸ்பீக்கரோ தாழ்ந்த ஒலிகளைச் சரியாகத் தராது. இந்தக் காதுக்குக் கேட்கக்கூடிய பாகத்தை அந்தப் போன் தரவில்லை. வானின் கதவுக்குள் இருக்கும் அகன்ற ஸ்பீக்கர் அதைத் தரும்.

மூன்றாம் நாள் பயிற்சி முடிந்து, புறப்பட ஒரு மணித்தியாலம் இருந்தது. மரநிழலில் நின்ற வானுக்குள் நான், சாரதித் தம்பி, பேத்தி, அம்மா நால்வரும் ஏறினோம். "தம்பி, செற்றை மாற்ற முன்னம் ஒருக்காப் பார்ப்போமா?" என்றேன்.

அம்மா எங்கள் எல்லோரையும்விட அனுபவசாலி என்பது அப்போதுதான் தெரிந்தது. தொண்ணூறுகளில் அவர்கள் ஊரில் மின்சாரம் இல்லை, பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில்தான் வானொலி கேட்டார்கள். இரவில் பி.பி.சி. தமிழோசை கேட்க அந்த வீட்டில் சில்லுச் சுற்றியவர் இவர். அந்த வானொலி ஒலிபரப்பு 2017இல் நின்றுவிட்டது. அவர் கற்ற பாடம் நிற்கவில்லை.

"சத்தம் வராட்டி றேடியோவைக் குற்றம் சொல்லப்படாது. முதல் டைனமோ, பிறகு வயர், கடைசியாத்தான் றேடியோ. விலை கூடின சாமானைக் கடைசியாத்தான் சந்தேகப்பட வேணும். சத்தம் எங்கமட்டும் வருகுது, எங்க நிக்குது எண்டு பாருங்கோ" என்றார்.

அந்த ஒழுங்கிலேயே பார்த்தோம். தம்பி செற்றை வானொலிக்கு மாற்றினார். யப்பானில் எப்.எம். அலைவரிசை 76 மெகாஹேட்ஸில் தொடங்கும். அந்நாட்டுப் பழைய செற்றுகள் 90உடன் நின்றுவிடும். எங்கள் நாட்டு எப்.எம். 88 முதல் 108 வரை. ஆகவே பெரும்பாலும் 'சர்' என்ற இரைச்சல்தான் வந்தது. ஆனால் அந்த இரைச்சல் நான்கு ஸ்பீக்கரிலும் வந்தது. அப்படியென்றால் ஸ்பீக்கர் பழுதில்லை, பியூஸ் போகவில்லை, செற்றுக்கு உயிர் இருக்கிறது. வெறும் இரைச்சல் என்று நாம் ஒதுக்குவதிலும் ஒரு சேதி இருந்தது.

அடுத்து, செற் எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று பார்த்தோம். வயர் வழியாக வரும் ஒலிக்கு 'ஓக்ஸ்' என்று பெயர். பொத்தானை அழுத்தி அதற்கு மாற்றாவிட்டால் செற் வானொலியையோ சீ.டி.யையோ கேட்டுக்கொண்டே இருக்கும். சில செற்றுகளில் உள்அமைப்பில் 'ஓக்ஸ்' நிறுத்தப்பட்டிருந்தால் அந்தப் பெயரே திரையில் வராது. இங்கே பெயர் வந்தது. அதுவும் சரி.

பிறகு போன். புளூடூத் வேறு எதனோடும் இணைந்திருக்கவில்லை. ஒலியளவு முழுமையாக இருந்தது. பேத்தி தன் இயர்போனைக் கொழுவிக் கேட்டாள். "நல்லாக் கேக்குது" என்றாள். போனும் சரி என்று முடிவுகட்டினோம். அங்கேதான் நாங்கள் ஏமாந்தோம், அதைப் பின்னர் சொல்கிறேன்.

மிஞ்சியது வயர். இந்த 3.5 மில்லிமீற்றர் முனைக்கு ஒரு மூத்த சகோதரி உண்டு. 19ஆம் நூற்றாண்டுத் தொலைபேசி இணைப்பகங்களில், அழைப்பவரையும் அழைக்கப்படுபவரையும் இணைக்கக் கையால் கொழுவிய முனை அது. 1878இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் எம்மா நட் என்ற பெண் இந்த வேலையில் சேர்ந்தார். உலகில் அந்த வேலைக்கு வந்த முதற்பெண் அவர்தான். இத்தகைய முனையையும் வயரையும் கையாள்வது பல காலம் பெண்களின் வேலையாகவே இருந்தது. 'வயரில் கை வைக்காதே' என்று சொல்லி வளர்க்கப்பட்ட எங்களுக்கு இது தெரிந்திருப்பது நல்லது.

தம்பியின் வயரை முனையின் கழுத்தருகே மெல்ல வளைத்துப் பார்த்தேன். ஓரிடத்தில் 'டக்' என்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை. உள்ளே கம்பி அறுந்திருந்தது. அடிக்கடி மடியும் இடம் அதுதான். "வயர்தான் பழுது!" என்று மகிழ்ந்து, தம்பி ஓட்டோவில் போய்ச் சில நூறு ரூபாவுக்குப் புது வயர் வாங்கி வந்தார். கொழுவினோம். சத்தம் வரவில்லை.

"நான் சொன்னன்தானே அக்கா, செற்தான்" என்றார் தம்பி. எனக்கும் மனம் விழுந்துவிட்டது. அரைமணி நேரம்தான் மிச்சம். மூன்றாவது தடவையும் "பிறகு அம்மா" என்று சொல்ல வாய் எடுத்தேன்.

அம்மா விடவில்லை. "வயரைச் செற்றில விட்டிட்டு, போன் பக்கத்து முனையை விரலால தொட்டுப் பார்" என்றார். டைனமோக் காலத்தில் அப்படித்தான் பார்ப்பார்களாம். ஒலியளவைக் குறைத்து வைத்துக்கொண்டு முனையின் நுனியைத் தொட்டேன். ஸ்பீக்கரில் 'கர்... கர்' என்று வந்தது. அப்படியென்றால் செற் என் விரலைக் கேட்கிறது! செற்றும் புது வயரும் நல்லவை. குறை போன் பக்கத்தில்.

ஆனால் போனில் இயர்போன் வேலை செய்ததே? பேத்தி இரண்டு முனைகளையும் அருகருகே பிடித்துப் பார்த்தாள். இயர்போன் முனையின் கழுத்து ஒடுக்கமானது. வயர் முனையின் கழுத்துத் தடித்தது. போனுக்குப் போட்டிருந்ததோ தடித்த றப்பர் உறை. அந்த உறையின் துளையில் தடித்த கழுத்து முட்டி நிற்க, முனை ஓரிரு மில்லிமீற்றர் உள்ளே போகாமல் இருந்தது.

"உந்த உறையைக் கழற்று பிள்ளை" என்றார் அம்மா.

கழற்றினாள். முனை 'டக்' என்று உள்ளே இறங்கியது.

பழைய கசற்றின் இரைச்சல் முதலில் வந்தது. பிறகு ஒரு பையனின் குரல். "பெருமதிப்புக்குரிய அதிபர் அவர்களே..." என்று தொடங்கி, இடையில் தடுமாறி நின்றது. உடனே தூரத்திலிருந்து ஒரு பெண் குரல் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்தது. பையன் சிரித்துக்கொண்டு தொடர்ந்தான்.

அம்மா கதவு ஸ்பீக்கரில் கையை வைத்திருந்தார். "விளங்குது" என்றார். சற்றுப் பொறுத்து, "அது நான். குசினிக்குள்ள நிண்டு சொல்லிக் குடுத்தது நான்தான்" என்றார். இவ்வளவு காலமும் மகனின் குரலைத் தேடியவருக்குத் தன்னுடைய பழைய குரலும் அங்கே கிடைத்தது. அவர் அழவில்லை. "திருப்பிப் போடு" என்றார். வெளியே நின்ற பெண்கள் ஒவ்வொருவராக வானுக்குள் ஏறிச் சத்தமில்லாமல் அமர்ந்தார்கள். மூன்று தடவை கேட்ட பிறகுதான் வான் புறப்பட்டது.

சகோதரிகளே, உங்கள் ஓட்டோவிலோ வானிலோ வீட்டுச் செற்றிலோ இப்படிச் சத்தம் நின்றால், உடனே புதிது வாங்காதீர்கள். முதலில் வானொலியைப் போட்டு ஸ்பீக்கரைச் சோதியுங்கள். 'ஓக்ஸ்' தெரிவாகியிருக்கிறதா, போனின் ஒலியளவு கூடியிருக்கிறதா, புளூடூத் வேறெங்கும் பேசுகிறதா என்று பாருங்கள். உறையைக் கழற்றுங்கள். போனின் துளைக்குள் சட்டைப்பைத் தூசி அடைந்திருக்கலாம், போனை நிறுத்திவிட்டு மரப் பல்லுக்குச்சியால் மெதுவாக எடுங்கள். வேறொரு வயரையும் வேறொரு போனையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். முனையில் மூன்று கறுப்பு வளையம் இருந்தால் அது மைக்கும் சேர்ந்த வகை, சில செற்றுகளுக்கு ஒத்துவராது. இரண்டு வளையம் உள்ளதை வாங்குங்கள். 2016இல் அப்பிள் நிறுவனம் தன் ஐபோனில் இந்த வட்டத் துளையை நீக்கிய பின் பல போன்களில் அது இல்லை. இடையில் போடும் இணைப்பி எல்லாப் போனுக்கும் பொருந்தாது, கடையிலேயே உங்கள் போனில் போட்டுக் கேட்டு வாங்குங்கள். வாகன பற்றரியின் வயரை மட்டும் கழற்றிப் பார்க்க வேண்டாம். சில யப்பானிய செற்றுகள் மின் அறுந்தபின் இரகசிய இலக்கம் கேட்டுப் பூட்டிக்கொள்ளும்.

இன்னுமொன்று. ஒன்றை மாற்றியும் பலன் இல்லையென்றால், அது பழுதில்லை என்று அர்த்தமல்ல. எங்கள் வானில் இரண்டு குறைகள் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தன. வயரை மாற்றியது சரியான வேலைதான், ஆனால் உறையின் குறை அதை மறைத்துவிட்டது. பாதி வழியில் கைவிட்டிருந்தால் நல்ல செற் ஒன்றைக் கழற்றி எறிந்திருப்போம்.

எங்கள் பதிவுப் படிவத்தில் அந்த அம்மாவின் பெயருக்கு எதிரே 'செவிப்புலன் குறைபாடு: ஆம்' என்று நானே எழுதியிருந்தேன். சமூகவியல் படித்த எனக்குப் படிவம் நிரப்பத் தெரியும். அவருக்கு என்ன கேட்க வேண்டும் என்று கேட்கத்தான் தெரியவில்லை. அவர் மூன்று நாளும் கேட்டுக்கொண்டே இருந்தார், காது கேளாமல் இருந்தது நான்தான்.

செவிப்புலன் பரிசோதனைக்கு அவருடைய மாவட்ட வைத்தியசாலைக்குக் கடிதம் கொடுத்தோம். நாளும் கிடைத்திருக்கிறது. வெடியோசையில் கேள்வி குறைந்தவர்கள் பலர் 'இனி என்ன செய்வது' என்று இருந்துவிடுகிறார்கள். எவ்வளவு கேட்கிறது, எது கேட்கிறது என்று அளந்து பார்த்தால்தான் காதுக்கருவி உதவுமா என்று சொல்ல முடியும். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் அழைத்துக்கொண்டு போங்கள். போகுமுன், அவருக்கு எந்தச் சத்தம் கேட்க ஆசை என்று ஒருமுறை கேளுங்கள்.