கணினியின் லொக் புத்தகத்தில் எவ்வளவு எழுத வேண்டும்?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

அதிபரின் மேசையில் இருக்கும் லொக் புத்தகம் ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும். சம்பவத்திரட்டு என்ற நல்ல தமிழ்ப் பெயர் இருந்தும் யாரும் அப்படிச் சொல்வதில்லை. மென்பொருளுக்கும் இப்படி ஒரு லொக் உண்டு. எங்காவது பிழைத்தால், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், என்ன நடந்தது என்று அது தானாகவே எழுதி வைக்கும்.

உக்குவெலவிலோ கலேவெலயிலோ கொமியூனிகேஷன் ஒன்றில் பிள்ளையின் விண்ணப்பத்தை நிரப்பப் போன பெற்றோருக்கு இது விளங்கும். எல்லாம் அடித்து முடித்து அனுப்பும்போது, "ஏதோ தவறு நடந்துவிட்டது" என்று மட்டும் திரையில் வரும். என்ன தவறு? யாரிடம் கேட்பது? உள்ளே இருக்கும் லொக்கிலும் அதே ஒற்றை வரிதான் இருக்கிறது என்றால், அதைச் செய்தவருக்கே ஒன்றும் விளங்காது. கடைசித் திகதியோ நமக்காக நிற்காது.

அப்படியென்றால் எல்லாவற்றையும் எழுதி வைத்தால் என்ன? அங்கேதான் அடுத்த சிக்கல். 2018 மே மாதம் ட்விட்டர் தனது 33 கோடிப் பாவனையாளர்களையும் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னது. யாரும் திருடவில்லை. மறைத்து வைக்க வேண்டிய பாஸ்வேர்டுகளை அவர்களுடைய லொக்கே அப்படியே எழுதி வைத்திருந்தது. அடுத்த வருடம் மார்ச்சில் பேஸ்புக்கும் இதையே ஒத்துக்கொண்டது. அதில் கோடிக்கணக்கானோர் பேஸ்புக் லைட் பாவித்தவர்கள். விலை குறைந்த போனும் கொஞ்ச டேட்டாவும் வைத்திருந்த நம்மைப் போன்றவர்கள்தான்.

எழுதி வைத்தாலும் யார் பார்க்கலாம் என்பது அடுத்த கேள்வி. இங்கிலாந்தின் தபாலகங்களில் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் இருந்தது. அது காட்டிய பற்றாக்குறையை நம்பி, 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்ட உப தபாலதிபர்களைத் திருடர்கள் என்று தண்டித்தார்கள். இந்திய வம்சாவளியான சீமா மிஸ்ரா 2010 இல் சிறைக்குப் போனபோது கர்ப்பிணி. 74,000 பவுண் எடுத்தார் என்பது குற்றச்சாட்டு. மென்பொருளைச் செய்த ஃபுஜிட்சுவிடம் தெரிந்த பிழைகளைக் குறித்து வைத்த பதிவே இருந்தது. தபாலதிபர்கள் கூட்டாக வழக்குப் போட்ட பிறகுதான் அது அவர்கள் கைக்கு வந்தது. சீமாவின் தீர்ப்பு 2021 இல் ரத்தானது. இழந்த வருடங்களை எந்த நீதிமன்றம் கொடுக்கும்?

இதை ஏன் இப்போது சொல்கிறேன்? நம் பிரதேசத்து இளைஞர்கள் பாடசாலைக்கும், மத்ரஸாவுக்கும், மரண உதவிச் சங்கத்துக்கும் மென்பொருள் செய்யத் தொடங்கிவிட்டார்கள், மாஷா அல்லாஹ். நல்ல விடயம். ஆனால் அதற்குள் போவது நம் பெண் பிள்ளைகளின் பெயர், விலாசம், வாப்பாவின் அடையாள அட்டை இலக்கம், உம்மாவின் போன் நம்பர். அது அமானிதம்.

என் அபிப்பிராயம் இதுதான். பிழை நடந்த நேரம், பக்கம், எந்தப் படியில் நின்றது, என்ன காரணம் – இவற்றைத் தாராளமாக எழுதட்டும். பிள்ளையின் பெயருக்குப் பதிலாகச் சுட்டெண் போதும். பாஸ்வேர்ட் ஒரு எழுத்துக்கூட வரக்கூடாது. திரையில் ஒரு பிழை இலக்கத்தைக் காட்டினால், அதைச் சொல்லித் தேடுவது செய்தவருக்கும் லேசு. சும்மா கிடக்கட்டும் என்று வருடக்கணக்கில் வைத்திருப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. தேவைக்கு மேல் தரவு சேர்க்காதே என்று நமது 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது.

செய்து தரும் தம்பிமாரிடம் பெற்றோர் கூட்டத்திலேயே கேளுங்கள்: லொக்கில் என்ன விழும், எத்தனை நாள் இருக்கும், யார் திறக்கலாம்? கோபிக்க மாட்டார்கள். நல்ல பிள்ளைகள்.

இன்னொன்று. பிழை வந்த திரையைப் படம் எடுத்து வட்ஸ்அப் குழுமத்தில் போட்டு "சேர், இது என்ன?" என்று கேட்கிறீர்கள். கேளுங்கள். ஆனால் போடும் முன் அடையாள அட்டை இலக்கத்தை மறைத்துவிடுங்கள். அந்தக் குழுமத்தில் 200 பேர் இருக்கிறார்கள்.