யந்திரச் சூடும் பனிக்கடலும்

உறைபனி மூடிய நாட்டில் மோட்டார் யந்திரம் சூடு மிகுந்து நின்றுபோகும் என்று கூறின் நம்புவார் சிலரே. ஆயினும் அஃது உண்மை. தென்துருவ யாத்திரை மேற்கொண்ட காப்டன் ஸ்காட் மூன்று மோட்டார்ச் சறுக்கு வண்டிகளைத் தம்முடன் கொண்டு சென்றார். 1911 ஜனவரியில் கப்பலினின்றும் இறக்கும்போதே அவற்றுள் ஒன்று பனிக்கட்டி உடைந்து கடலுள் ஆழ்ந்தது. ஏனை இரண்டும் அவ்வாண்டு அக்டோபர் 24ஆம் நாள் தென்திசை நோக்கிப் புறப்பட்டு, நவம்பர் 1ஆம் நாளைக்குள் பழுதுற்றுக் கைவிடப்பட்டன. நாற்புறமும் பனி, நடுவே கொதிக்கும் சிலிண்டர்கள்! அவை காற்றினாற் குளிரவேண்டிய யந்திரங்கள். வண்டியோ மெல்ல ஊர்வது, பாரமோ பெரிது. அடிக்கடி நிறுத்தி ஆறவைத்தும் பயனின்றி, ஈற்றில் பேரிங்குகள் உடைந்தன. உடன் சென்ற நால்வரும் சுமையைத் தாமே கட்டி இழுத்தனர்.

இதனை நூலிற் படித்தபோது யாம் வியந்ததுண்டு. அதன் பொருள் எமக்கு நன்கு விளங்கியது கல்வராயன் மலையிலேதான்.

சென்ற கோடை விடுமுறையில் கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு, நான்கு சக்கரங்களும் இழுக்கும் பழைய ஜீப் ஒன்றிற் சென்றோம். கச்சிராயபாளையமும் கோமுகி அணையும் கடந்து மலையேறத் தொடங்கியதும், வண்டி முதற் கியரும் இரண்டாங் கியருமாக முனகிற்று. எம்மோடு மலைவாசிகள் சிலரும் இருந்தனர். (இவர்களை மலையாளிகள் என்பர், கேரளத்தாரென மயங்கற்க, இவர்கள் பேசுவது தமிழே.) அவர்களுள் ஒரு தாய், ஆஸ்பத்திரியிற் காட்டிய குழந்தையை மடியிற் கிடத்தி, மருந்துப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்திருந்தாள். பாதி மலையில் உஷ்ணங்காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டவே, ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டினார்.

“தம்பி, சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள், வெந்நீர் முகத்தில் அடிக்கும்” என்றார் அவர். அரைமணி நேரம் ஆறவிட்ட பின்னரே சோதிக்கத் தொடங்கினார். நீர் குறையவில்லை. பேன் பெல்ட் அறவில்லை. ரேடியேட்டரின் கண்களிற் சேறோ புல்விதையோ அடைத்திருக்கவில்லை. பின்னர் யந்திரத்தை மீண்டும் சிறிது நேரம் ஓடவிட்டு, மேல் ஓஸைத் தொட்டுப் பார்த்தார். யந்திரத்தின் தலை கொதிக்க, ஓஸ் மட்டும் வெதுவெதுப்பாகவே இருந்தது.

“தண்ணீர்தான் நிறைய இருக்கிறதே, அண்ணே?” என்றோம்.

“இருந்து என்ன? போகிற வழி அடைத்துக் கிடக்கிறது.”

அவ்வழியைக் காப்பது தெர்மோஸ்டாட் என்னும் சிறு கருவி. அதனுள் மெழுகு உண்டு. நீரின் உஷ்ணம் ஏறத்தாழ 80, 90 டிகிரியை எட்டியதும் மெழுகு உருகி விரிந்து கதவைத் திறக்கும். வெந்நீர் ரேடியேட்டருக்குச் சென்று ஆறும். இங்கே கதவு மூடியபடியே இறுகிவிட்டது. ஓட்டுநர் யந்திரத்தை மறுபடி ஆறவிட்டு, அக்கருவியைக் கழற்றியெறிந்து, மூடியைப் பொருத்தி, ஓடைநீரை நிரப்பினார். ஊர் திரும்பிப் புதியது போடுமளவும் அதுவே போதும் என்றார். அத்தாய் யந்திரத்தை ஒருமுறையேனும் நோக்கவில்லை. மேற்கே சாயும் பொழுதையே நோக்கியிருந்தாள். இருட்டுமுன் வெள்ளிமலை சேர்ந்தோம். அவளுக்கு அங்கிருந்து இன்னும் நடை இருந்தது.

குளிர்வதற்குச் சுற்றிலும் குளிர் இருந்தாற் போதாது. வெப்பம் வெளியேற வழியும் வேண்டும் என்பதை அன்று கண்டோம். சூடு மிகுந்தால் தானே திறக்கும் அக்கதவை நினைக்குந்தோறும் எமக்கு வடதுருவம் நினைவுக்கு வருகின்றது. அங்கே செயல் தலைகீழ். பனி போர்த்த கடற்கட்டி தன்மீது விழும் ஞாயிற்றொளியிற் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். கருநீலக் கடலோ அதனை விழுங்கிவிடும். சூடேறக் கட்டி உருகும். கட்டி உருகக் கடல் வெளிப்படும். கடல் வெளிப்பட மேலும் சூடேறும். 1979 முதல் வடதுருவப் பிரதேசம் உலகச் சராசரியினும் ஏறத்தாழ நான்கு மடங்கு விரைவிற் சூடேறியதாக 2022இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி காட்டுகின்றது. 2012 செப்டம்பரில் அங்குள்ள கடற்பனி ஏறத்தாழ 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கிற்று. 2008இல் நம் நாட்டினரும் ஸ்வால்பார்டில் ஹிமாத்ரி என்னும் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினர். அங்கே ஆராய்வது எளிது, கழற்றியெறியத்தான் ஒன்றுமில்லை.

கனடாவின் வடகோடியில் வாழும் இனுயிட் மக்கள் உறைந்த கடலையே சாலையாகக் கொண்டு பனிமோட்டாரில் வேட்டைக்குச் செல்வர். நடுவழியில் யந்திரம் நின்றால், எம் ஓட்டுநரைப் போலவே, கையிலுள்ள கருவிகளைக்கொண்டு தாமே பழுது நீக்கிக்கொள்வோர் அவர்களுட் பலர். இப்போதோ கடல் பிந்தி உறைகின்றது, முந்தி உருகுகின்றது. யந்திரம் செம்மையாக ஓடும்போதும் வண்டியை நிறுத்தி இறங்கி, ஈட்டிக் கோலால் முன்னுள்ள பனியைக் குத்திப் பார்த்த பின்னரே அப்பாற் செல்கின்றனர்.