சிநேகிதிக்காக அடக்கி வாசித்தவள்

பையன்களின் நட்புக்குச் சினிமாவும் பாட்டும் ஏராளம். பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளின் சிநேகிதம் கல்யாணத்தோடு தீர்ந்துபோகிற சங்கதி என்று நாம் எப்போதோ முடிவு கட்டிவிட்டோம். சித்தூரில் நெடுங்காலம் டீச்சராக இருந்தவள் நான். பதினைந்து வயதுப் பெண்ணைத் தூங்கவிடாமல் பண்ணுவது பரீட்சை என்று பெற்றவர்கள் நினைப்பார்கள். பக்கத்தில் உட்காருகிறவள் இன்றைக்கு ஏன் பேசவில்லை என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டிருக்கும்.

இதைத் தெரிந்துவைத்திருக்கிறது ஒரு ஜப்பானிய அனிமே படம். திருப்பதியில் இன்டர் படிக்கும் பேத்தி, "அவ்வா, இதைப் பாரு" என்று லீவில் போட்டுக் காட்டினாள். 'லிஸ் அண்ட் தி ப்ளூ பேர்ட்', 2018-இல் வந்தது. நவோகோ யமடா என்ற பெண் இயக்கியது. கியோட்டோ அனிமேஷன் தயாரிப்பு. சண்டை கிடையாது, வில்லன் கிடையாது. ஊஜி என்ற ஊரில் ஒரு பள்ளி, அதன் வாத்தியக் குழுவில் இரண்டு பெண்கள். நொசோமி புல்லாங்குழல் வாசிப்பவள், கலகலப்பானவள், எப்போதும் நாலு பேர் சூழ இருப்பாள். மிசோரே வாசிப்பது ஓபோ. நம் நாதஸ்வரம் மாதிரி சீவாளி வைத்து ஊதுவது. அதிகம் பேசமாட்டாள். அவளுக்கு நொசோமிதான் உலகம். அந்த நொசோமி முதல் வருஷம் ஒரு வார்த்தை சொல்லாமல் குழுவை விட்டுப் போய்த் திரும்பி வந்தவள். மறுபடியும் போய்விடுவாளோ என்று மிசோரேவுக்கு நித்தமும் பயம்.

இருவரும் சேர்ந்து வாசிக்க வேண்டிய இசைக்கு ஒரு கதை உண்டு. தனியாக வாழும் லிஸ்ஸிடம் நீலப் பறவை ஒன்று பெண்ணுருவில் வந்து தங்குகிறது. லிஸ் கடைசியில் அதைப் பறக்க விட்டுவிடுகிறாள். தன்னை லிஸ்ஸாகவே நினைத்திருந்த மிசோரேவுக்கு, பிரியமானதை ஒருத்தி எப்படி விடுவாள் என்பது விளங்கவில்லை. வாசிப்பும் கூடவில்லை. பறவையின் இடத்தில் நின்று யோசித்துப் பார் என்கிறார் ஓர் ஆசிரியை. அடுத்த ஒத்திகையில் அவள் முழு மூச்சையும் விட்டு ஊதுகிறாள். இத்தனை நாளும் சிநேகிதிக்காக அடக்கி வாசித்திருக்கிறாள் என்பது அப்போதுதான் வெளிப்படுகிறது. நொசோமிக்குக் கண்ணீர் முட்டுகிறது. அவளால் தொடர்ந்து வாசிக்க முடியவில்லை.

இந்த அடக்கி வாசிப்பைச் சித்தூர் வகுப்பறைகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். கணக்கில் புலியாக இருப்பவள் பத்தாவது முடிந்ததும் கணக்கு உள்ள எம்.பி.சி. குரூப்பை விட்டு, கணக்கு இல்லாத சி.இ.சி. கேட்பாள். ஏனம்மா என்றால், "அவ அதானே டீச்சர் எடுக்கிறா" என்பாள். அதை அசட்டுத்தனம் என்று வீட்டில் திட்டுவார்கள். எனக்குத் திட்ட வாய் வராது. பிரியத்துக்காகத் தன்னைக் குறைத்துக்கொள்வதைப் பெண்களுக்குப் பழக்கிவிடுவதே நாம்தானே? கூடவே "அவளைப் பார், எவ்வளவு மார்க்கு!" என்று இன்னொருத்தியை நொசோமி நிலைக்குத் தள்ளுவதும் நாம்தான். உயிருக்கு உயிரானவள் தன்னைத் தாண்டிப் போகும்போது வருகிற வலியைப் பொறாமை என்று பெயர் வைத்து அவமானப்படுத்தக் கூடாது. படத்தில், மிசோரேவோடு சங்கீதக் கல்லூரிக்குத் தானும் போவதாகச் சொன்ன நொசோமி, பிறகு மனசு மாறி வேறு படிப்புக்குப் போகிறாள். சிநேகிதம் முறியவில்லை. யாரும் அவர்களைப் பிரித்து வைக்கவும் இல்லை, ஒட்டி வைக்கவும் இல்லை.

ஜப்பானில் இந்த மாதிரிக் கதைகள் இன்று நேற்று வந்தவை அல்ல. 1916-லேயே யோஷியா நொபுகோ பள்ளிப் பெண்களின் அன்பை வைத்து 'ஹனா மொனோகதாரி' எழுதத் தொடங்கினார். கல்யாணம் வரைக்கும்தான் இதெல்லாம் என்ற பேச்சு அங்கேயும் இருந்தது. அந்த அம்மாள் கல்யாணமே பண்ணிக்கொள்ளாமல் தன் தோழியோடு கடைசிவரை வாழ்ந்துவிட்டுப் போனார்.

நம் பக்கம், 1983-இல் என்.டி. ராமாராவ் முதல்வராக இருந்தபோது திருப்பதியில் பெண்களுக்கென்றே பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் வந்தது. வீட்டுப் பெண்ணை விடுதியில் விட்டுப் படிக்கவைக்கப் பழகிக்கொண்டோம். பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டுகிறோம். அவள் அங்கே சம்பாதித்த சிநேகிதியைக் கல்யாணப் பத்திரிகை கொடுப்பதோடு மறந்துவிடச் சொல்கிறோம். அவள் புருஷனின் நண்பர்கள் மட்டும் ஞாயிறு தவறாமல் வந்து காபி குடித்துவிட்டுப் போகிறார்கள்.

உங்கள் மகளிடமோ மருமகளிடமோ, கூடப் படித்தவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று கேளுங்கள். பார்க்கப் போகிறேன் என்றால் அன்றைக்குச் சமையலை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். 2025 ஆகஸ்ட் 15 முதல் ஆந்திராவில் ஆர்.டி.சி. எக்ஸ்பிரஸ் பஸ்ஸிலும் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. சித்தூரிலிருந்து திருப்பதிக்கு ஆதார் அட்டையைக் காட்டினாலே போதும்.