பழுது எங்கே இருந்தது?

நாங்கள் சுவிஸில் பக்ரறி வேலை செய்து சீவிக்கிற குடும்பம். படித்தது ஓ.எல். மட்டுந்தான். கொம்பியூட்டரைப் பற்றி எழுத எங்களுக்கு என்ன தகுதி என்று முதலில் யோசித்தோம். ஆனால் எங்கள் வீட்டில் நடந்தது புதிதாக வந்து குடியேறிய வீடுகளிலும் நடக்கக்கூடியது என்பதால் எழுதுகிறோம்.

எங்களிடம் இருப்பது பழைய சாமான் கடையில் வாங்கிய ஒரு லப்ரொப். அதில் இருந்த விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 போடுவதற்கு அந்த மெசினுக்கு வயது போய்விட்டது. புதிது வாங்கக் கையில் காசில்லை. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மூத்த மகள், "அப்பா, லினக்ஸ் போடுவம். காசும் இல்லை, பழைய மெசினிலும் ஓடும்" என்றாள். 1991இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கிய வேலையாம் அது. சரியென்று விட்டோம்.

நவம்பரில் ஒரு ஞாயிறு பின்னேரம் லினக்ஸ் மின்ட் என்பதை யூ.எஸ்.பி. குச்சி ஒன்றிலிருந்து போட்டு முடித்தாள். மெசின் முந்தியதைவிட வேகமாக எழும்பியது. ஆனால் வைஃபை இல்லை. வீட்டிலுள்ள வைஃபையின் பெயர்கூடக் காட்டவில்லை.

அடுத்த நாள் காலைக்குள் அவள் ஒரு விண்ணப்பம் அனுப்ப வேண்டியிருந்தது. தொழிற்பயிற்சி தேடுகிற பிள்ளைகள் முதலில் சில நாள் வேலைத்தலத்துக்குப் போய்ப் பார்ப்பார்கள். அதை இங்கே ஷ்னுப்பர்லேறே என்பார்கள். அதற்கான கடிதத்தை இரண்டு கிழமையாகத் திருத்தித் திருத்தி எழுதி, வேறொரு குச்சியில் பத்திரமாக எடுத்து வைத்திருந்தாள். அனுப்ப வழியில்லை.

"இருந்ததையும் கெடுத்துப் போட்டாய்" என்று ஏசிவிட்டோம். பிள்ளை ஒன்றும் பேசாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பிறகு யோசித்தோம். அவளில் கோபமில்லை. எங்களுக்கு விளங்காத ஒன்று பழுதாகிவிட்டதே, யாரிடம் போய்க் கேட்பது என்ற வெட்கந்தான் கோபமாக வந்தது.

பக்ரறியில் பட்டை ஓடாமல் நின்றால் எங்கள் மேற்பார்வையாளர் முதலில் யாரையும் ஏசமாட்டார். கரண்ட் வருகிறதா, நிறுத்தும் பொத்தான் அமத்தியபடி இருக்கிறதா, சென்சரில் தூசி படிந்திருக்கிறதா என்று வரிசையாகப் பார்ப்பார். அது எங்களுக்கும் தெரிந்த வேலைதானே! கதவைத் தட்டி, "வா பிள்ளை, ஒவ்வொன்றாய்ப் பார்ப்பம்" என்று கூப்பிட்டோம்.

முதலில், வீட்டு இணைப்புச் சரியா? போனில் வைஃபை வேலை செய்தது. ஆகவே பழுது லப்ரொப் பக்கம். அடுத்து, விமானப் படம் போட்ட பொத்தான் தவறுதலாக அமத்தப்பட்டிருக்கிறதா? இல்லை. மூன்றாவதாக, உள்ளே இருக்கிற வைஃபை அட்டையை மெசின் காண்கிறதா? மகள் கட்டளைத் திரையைத் திறந்து எல், எஸ், பி, சி, ஐ என்ற ஐந்து எழுத்துகளைத் தட்டினாள். உள்ளே பூட்டியிருப்பவற்றின் பட்டியல் வந்தது. அதில் வைஃபை அட்டையின் பெயரும் இலக்கமும் இருந்தன. அப்பாடா! அட்டை சாகவில்லை.

அப்படியென்றால் ஏன் வேலை செய்யவில்லை? ஒவ்வொரு அட்டையையும் இயக்க ட்ரைவர் என்ற சிறு நிரல் வேண்டும். அநேகமான அட்டைகளுக்கு அது லினக்ஸோடு சேர்ந்தே வரும். சில சில்லுகளுக்கு, செய்த கம்பனியின் உரிமைக் கட்டுப்பாட்டால், நாங்கள்தான் தனியாகப் போட வேண்டும். காசு இல்லை. வந்த புதிதில் நாங்களும் அப்படித்தானே இருந்தோம்? ஆள் இருக்கிறோம், கைகால் நல்லாயிருக்கிறது, வேலை செய்யக் கடதாசி இல்லை.

ட்ரைவரை இறக்க இன்ரநெற் வேண்டும். இன்ரநெற் வர ட்ரைவர் வேண்டும். இதற்கு வழி போனில் இருந்தது. அன்ட்ரொயிட் போனைச் சார்ஜ் பண்ணும் வயரால் லப்ரொப்போடு இணைத்து, போனின் அமைப்புகளில் யூ.எஸ்.பி. மூலம் இணைப்பைப் பகிரும் பகுதியைத் திறந்தோம். போன் வீட்டு வைஃபையில் இருந்தபடியால் டேற்றாக் காசும் போகவில்லை. உடனே லப்ரொப்பில் இன்ரநெற் வந்தது. முதல் வேலையாகக் கடிதத்தை அனுப்பினாள். அப்போது இரவு பத்து மணி.

பிறகு மின்ட்டில் உள்ள ட்ரைவர் மனேஜரைத் திறந்தோம். எங்கள் அட்டைக்குரிய ட்ரைவரை அதுவே காட்டியது. போடும்போது செக்கியூர் பூட் என்ற பாதுகாப்புக்காக ஒரு புதிய கடவுச்சொல் கேட்டது. இலக்கங்களாகவே கொடுத்தோம். திரும்ப எழுப்பியபோது நீலத்திரை ஒன்று வந்தது. மெசின் போய்விட்டது என்று பயந்து 'தொடர்' என்பதை அமத்தப் போனோம். மகள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அப்பா, வாசியுங்கோ" என்றாள். ட்ரைவருக்கான திறப்பைப் பதிவு செய்யவா என்று கேட்கிற திரை அது. பதிவு செய்து அந்தக் கடவுச்சொல்லைக் கொடுத்ததும் மெசின் எழும்பியது. வைஃபையும் வந்தது.

புதிதாக லினக்ஸ் போடுகிறவர்களுக்கு எங்கள் அனுபவத்தில் மூன்று சொல்கிறோம். போடுவதற்கு முன் குச்சியிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். அப்போது வைஃபை வருகிறதா என்று பாருங்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை. போன் வயர் ஒன்றைப் பக்கத்தில் வைத்திருங்கள். அந்த ஒருதரக் கடவுச்சொல்லை இலக்கங்களில் கொடுங்கள். நீலத்திரை அமெரிக்க விசைப்பலகையாக நினைத்து எழுத்துகளை எடுத்துக்கொள்ளும். இங்குள்ள விசைப்பலகையில் வையும் செட்டும் இடம் மாறியிருப்பதால் பிழைத்துப்போகும்.

படுக்கப் போகமுன் மகளிடம், "ஏசினது பிழை, பிள்ளை" என்று சொன்னோம். பிள்ளைகளிடம் அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை. சொல்லக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

அவள் அனுப்பிய இடம் கிடைக்கவில்லை. வேறொரு இடத்துக்கு எழுதி இரண்டு நாள் போய்வந்தாள். அந்தக் கடிதமும் அதே லப்ரொப்பிலிருந்துதான் போனது.