முன்பாரம், பின்பாரம்

டியர்டிராப் டிரெய்லரை வடிவமைத்தது பிளைவுட் பலகைதான் என்று சொன்னால் வடிவமைப்பாளர்கள் கோபித்துக்கொள்வார்கள். கணக்கைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. 1930-களில் அமெரிக்காவில் கைவேலைக்காரர்கள் தங்கள் வீட்டுக் கொட்டகைகளில் கட்ட ஆரம்பித்த இந்தச் சின்னப் படுக்கைப் பெட்டி நாலடி அகலம், எட்டடி நீளம், நாலடி உயரம். தரைக்கு ஒரு பலகை, பக்கத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு, மீதி கூரைக்கு. முன்பக்கம் உருண்டு பின்பக்கம் சரியும் கோட்டைப் பலகையிலேயே பென்சிலால் வரைந்து அறுத்துவிடலாம். நம் மெத்தைக் கடைகளில் 75 அங்குலத்துக்கு 48 அங்குலம் என்றொரு அளவு உண்டு. பக்கப் பலகையைத் தரையின் மேல் நிறுத்தாமல் அதன் விளிம்பில் ஒட்டி இறக்கிவிட்டால், உள்ளே முழுசாக 48 அங்குலம் கிடைத்து அந்த மெத்தை கச்சிதமாக உட்காரும். நீளத்தில் மிஞ்சுவது 21 அங்குலம். பின்கதவை மேலே தூக்கினால் தெரியும் சமையல் அலமாரிக்கு அது தாராளம். உள்ளே படுக்கை, வெளியே அடுப்பு, வேறொன்றும் கிடையாது.

இதைப் பணக்கார நாட்டு விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்குகிறவர்களோடுதான் எனக்கு வழக்கு. கேரவன் என்ற பெயரில் பேருந்துக்குள் குளிர்சாதனமும் கழிப்பறையும் தொலைக்காட்சியும் வைத்துக் கட்டுகிறார்களே, அதைச் சொல்லட்டும், ஒப்புக்கொள்கிறேன். படுக்கையும் அடுப்பும் மட்டும் உள்ள இந்தப் பெட்டியோ நம் கூண்டு வண்டிக்குத் தாயாதி. மூங்கில் பிளாச்சை வளைத்துப் பாய் போர்த்திய கூரை, கீழே வைக்கோல், அதன்மேல் ஜமக்காளம். திருவிழாவுக்குப் போன இடத்தில் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, வண்டிக்குப் பக்கத்தில் மூன்று கல்லைக் கூட்டி உலை வைப்பார்கள். குழந்தைகளும் கிழவிகளும் கூண்டுக்குள் படுப்பார்கள், மற்றவர்கள் வண்டிக்கு அடியில். ஆடி மாதம் அழகர்கோவிலுக்கு வண்டி கட்டிப் போகிற வழக்கம் மதுரை, சிவகங்கைப் பக்கம் இன்னும் முற்றாக அற்றுப்போகவில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள் ஆழ்துளைக் கிணறு போட வட இந்தியா வரை போய் மாதக்கணக்கில் லாரியோடு லாரியாகக் குடித்தனம் நடத்துவதும் இந்த வகைதான். அவர்களை யாரும் கேம்பிங் போகிறார்கள் என்று சொல்வதில்லை. தூங்குமிடத்தைக் கூடவே எடுத்துப் போவதில் நமக்கு அயலான சங்கதி எதுவுமே இல்லை.

வண்டியில் இன்னொரு அறிவும் இருந்தது. டிரெய்லர் கட்டப் புறப்படுகிற பொறியாளர்கள் அதைத்தான் முதலில் மறக்கிறார்கள். மூட்டை ஏற்றுகிற வண்டிக்காரர் ஒவ்வொரு மூட்டைக்கும் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். பாரம் பின்னால் கூடினால் நுகத்தடி மேலே எழும்பி மாட்டின் கழுத்துக் கயிறு தொண்டையை இறுக்கும், அது பின்பாரம். முன்னால் கூடினால் கழுத்து நசுங்கும், அது முன்பாரம். ரெண்டும் ஆகாது, ஆனால் சற்றே முன்பாரமாக இருக்க வேண்டும். காருக்குப் பின்னால் இழுக்கும் டிரெய்லருக்கும் அப்படியே இதே விதி. மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் காரின் கொக்கியில் இறங்க வேண்டும் என்கிறார்கள். 400 கிலோ டிரெய்லர் என்றால் 40 முதல் 60 கிலோ. அது குறைந்து பின்பாரமானால், வேகம் கூடும்போது டிரெய்லரின் பின்பக்கம் இடமும் வலமுமாக ஆட ஆரம்பிக்கும். ஓட்டுநர் பதறிப்போய் காரின் பிரேக்கை மிதித்தால் ஆட்டம் அடங்காது, அதிகமாகும். இந்த வடிவத்தின் பிறவிக் குறையும் இங்கேதான் இருக்கிறது. சமையல் அலமாரி கடைசியில். அரிசி, பாத்திரம், கேஸ் சிலிண்டர், இருபது லிட்டர் தண்ணீர் கேன் எல்லாம் அங்கே போய் உட்கார்ந்தால் பின்பாரம் நிச்சயம். அதனால் அச்சை நடுவிலிருந்து சற்றுப் பின்னுக்குத் தள்ளி வைக்க வேண்டும். தண்ணீரையும் பேட்டரியையும் ஸ்டெப்னியையும் முன்னால், இழுவைச் சட்டத்தின் மேல் ஒரு பெட்டியில் வைக்க வேண்டும். குளியலறைத் தராசு ஒன்றைக் கொக்கிக்கு அடியில் முட்டுக் கொடுத்தால் முன்பாரம் எவ்வளவு என்று கிலோவிலேயே சொல்லிவிடும். நுகத்தடியைத் தூக்கிப் பார்த்த கைக்குத் தராசு தேவைப்படவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

காற்றைக் கிழிக்கும் வடிவம் என்று சிலாகிப்பதைப் பாதியாகத் தள்ளிக் கேளுங்கள். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. மணிக்கு 100 கிலோமீட்டரில் இருக்கும் தடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் 60-இல் இருக்கும். நம் சாலையில் டிரெய்லரோடு 60-க்கு மேல் போகிறவருக்கு அறிவுரை சொல்ல நான் ஆள் இல்லை. இங்கே பகை எடைதான். 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை ஒன்று சுமார் 35 கிலோ. பக்கம் இரண்டுக்கே 70 கிலோ ஆகிவிடுகிறது. நடுவில் சட்டம் மட்டும் விட்டு மீதியை வெட்டியெடுத்து, அந்தக் குழியில் தெர்மோகோல் அடைத்து, இருபுறமும் மெல்லிய தகடு ஒட்டினால் எடையும் குறையும், வெயிலும் தாங்கும். கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திபெலேயிலிருந்து தெற்கே இறங்குகிற தேசிய நெடுஞ்சாலை 44-இல் தருமபுரியைத் தாண்டியதும் தொப்பூர் கணவாய் வருகிறது. அந்த இறக்கத்தில் பிரேக் இல்லாத டிரெய்லர் காரைப் பின்னாலிருந்து நெட்டித் தள்ளும். கட்டும்போது மிச்சப்படுத்திய ஒவ்வொரு கிலோவுக்கும் அங்கே மதிப்புத் தெரியும்.

குறைத்துக் கட்டுவதற்கு எதிர்ப்பக்கத்து உதாரணமும் நம்மிடமே உண்டு. பரமத்தி வேலூரைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் அருண் பிரபு, ஆட்டோவின் முதுகில் 36 சதுர அடியில் ஒரு வீடு கட்டினார்; பழைய பொருள்களைக் கொண்டு சுமார் ஒரு லட்ச ரூபாயில். படுக்கை, சமையலறை, கழிப்பறை, 600 வாட் சூரியத் தகடு, 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டி என்று எல்லாம் அடக்கம். 2021-இல் தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா அதைப் பாராட்டி எழுதியபின் நாடே பார்த்தது. இடத்தை எப்படிக் கசக்கிப் பிழிவது என்பதற்கு அது நல்ல பாடம், இடம்பெயர்ந்து பிழைக்கிறவர்களுக்குக் குடியிருப்பு என்ற நோக்கத்துக்கும் பொருந்தும். ஆனால் 250 லிட்டர் என்றால் நிரம்பியபின் 250 கிலோ. மூன்று பேரை ஏற்றப் பிறந்த வண்டிக்கு அது லேசான சங்கதி இல்லை. குடியிருக்க வேண்டுமானால் அந்த வழி. இரண்டு இரவு தங்கிவிட்டு வர நினைப்பவருக்கு, வீட்டில் இருக்கும் எதையெல்லாம் விட்டுவிட்டு வரலாம் என்று யோசிப்பது நல்லது.

கழிப்பறை இல்லையே என்பார்கள். பெட்ரோல் பங்கில் இருக்கிறது. சுத்தமாக இருக்குமா என்று கேட்டால், அது டிரெய்லரின் குற்றமில்லை. வெயில்? சித்திரையில் கிருஷ்ணகிரிக்குக் கீழே இதில் படுக்க முடியாது, உண்மைதான். கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே இருக்கும் அத்திபெலே, ஓசூர் மேட்டிலும் மலைகளிலும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை படுக்கலாம், அது போதும். ஒரு நல்ல லாட்ஜ் இதைவிட மலிவாயிற்றே என்பவர்களுக்குப் பதில் சொல்லவே மாட்டேன். மலிவு என்று நினைத்து எவரும் தன் கையால் எதையும் கட்டுவதில்லை. பாதுகாப்பு என்ற கேள்விதான் கனமானது, முக்கியமாகப் பெண்கள் கேட்கும்போது. விளக்கெரியும், காவல் உள்ள, இரவு நிறுத்த உரிமை உள்ள இடம் வேண்டும். கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாக் கொள்கை கொண்டுவந்து அதற்கான நிறுத்துமிடங்களைப் பற்றி யோசித்திருக்கிறது. அந்த இடங்களில் சின்னப் பெட்டிக்கும் ஒரு மூலை ஒதுக்கினால் பாதி பயம் போய்விடும்.

இனி காகிதம். அத்திபெலேயைச் சுற்றிப் பாருங்கள்: ஜிகணியிலும் பொம்மசந்திராவிலும் தகடு வளைக்கும் பட்டறைகள், எல்லை தாண்டினால் அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் வளர்த்துவிட்ட ஓசூரின் வெல்டர்கள், பழைய ஆம்னியின் பின் அச்சைக் கழற்றித் தரும் காயலான் கடைகள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தமிழ்நாட்டை நோக்கிச் சுங்கச்சாவடியில் முட்டி நிற்கும் பெங்களூர் கார்களைப் பார்த்தால் ஆசைக்கும் குறைவில்லை. ஆனால் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, எஞ்சினே இல்லாத டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம். அதற்குத் தனிப் பதிவு, தனி எண் பலகை. சொந்த உபயோகத்துக்கான கேம்பர் டிரெய்லர் என்ற இனம் 2004-ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவிக்கையில் போக்குவரத்தல்லாத வாகனங்களின் பட்டியலில் இருக்கிறது, ஆகவே அப்படியொன்று இருக்கலாம் என்று அரசே ஒப்புக்கொண்டாயிற்று. பதிவுக்குப் போனால் விற்பனைச் சான்று படிவம் 21, சாலைத் தகுதிச் சான்று படிவம் 22 என்கிறார்கள். இரண்டும் விற்றவரும் தயாரித்தவரும் தர வேண்டியவை. தானே கட்டியவர் தனக்கே விற்றதாக எழுதிக்கொள்ள முடியுமா? சொந்தக் காரையே மாற்றிக் கட்டலாம் என்றால், தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காரைத் தொடாமல் பின்னால் மாட்டிக்கொள்ளும் டிரெய்லருக்கு இதனாலேயே நியாயம் கூடுகிறது.

கண்டவர்களும் கட்டினால் சாலையில் சாவுதான் என்று அதிகாரிகள் சொல்வதை அலட்சியப்படுத்தக் கூடாது. பின்பாரத்தைப் பற்றி மேலே சொன்னதெல்லாம் அவர்கள் கட்சிக்குத்தான் வலு. அதற்கு மருந்து சோதனை. வழியே இல்லாமல் அடைத்துவைப்பது மருந்தாகாது. பிரிட்டனில் 750 கிலோவுக்கு உட்பட்ட சின்ன டிரெய்லருக்குத் தனிப் பதிவு இல்லை, இழுக்கும் காரின் எண்ணையே பின்னால் மாட்டிக்கொள்ளலாம். பிரேக் இல்லாமல் இழுப்பதானால் அது காரின் எடையில் பாதியைத் தாண்டக் கூடாது. கலிபோர்னியாவில் வீட்டில் கட்டிய டிரெய்லரைப் பதிவு செய்யவே ஒரு முறை வைத்திருக்கிறார்கள். இங்கேயும் 750 கிலோ வரம்பு வைத்து, மோட்டார் வாகன ஆய்வாளர் எடை, விளக்கு, கொக்கி, முன்பாரம் நாலையும் சோதித்துக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று கர்நாடகமும் தமிழ்நாடும் மத்திய அரசைக் கேட்கலாம். அதுவரை, கட்ட நினைப்பவர்கள் பலகை வாங்குவதற்கு முன்னால் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய், படிவம் 22-இல் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.